குழந்தைப் படநூல்களில் தோட்டம்: ஒரு வரலாற்று நோக்கு

சங்கப் பாடலைப் பாடஞ்சொல்லும் ஆசிரியர் அனைவரும் அறிந்த இடர்ப்பாடு ஒன்று உண்டு. பாடலில் ஒரு பூவின் பெயர் வரும். மாணவர் உரையைப் புரட்டுவர். 'ஒருவகைப் பூ' என்று உரை சொல்லும். அகராதியை நாடினால் 'ஒரு மரம்', 'ஒரு கொடி' என்றிருக்கும். சொல்லுக்குப் பொருள் கிடைத்துவிட்டது. பொருளோ கண்ணுக்குத் தெரியவில்லை. முல்லை மாலையில் மலர்வது என்பது முல்லைத்திணையின் உயிர்நிலை. முல்லையரும்பு மாலையில் வாய்திறப்பதை ஒருமுறையேனும் கண்டிராத மாணவர்க்கு, அத்திணையின் சிறுபொழுது மனப்பாடம் செய்யவேண்டிய ஓர் இலக்கணக் குறிப்பாகவே நின்றுவிடும். கவிதையை உணரும் கண் கவிதை கற்கும் வயதில் திறப்பதன்று. அதற்குப் பல்லாண்டு முன்னரே, குழந்தைப் பருவத்திலேயே அது திறந்திருத்தல் வேண்டும்.

அந்தக் கண்ணைப் படநூல்கொண்டு திறக்கும் முயற்சி, ஐரோப்பாவில் முந்நூற்று அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவந்துள்ளது. செடி, கொடி, பூச்சி, பறவை ஆகியவற்றையும் தோட்டத் தொழிலையும் குழந்தைக்கு அறிமுகம் செய்யும் நூல்கள் இன்று உலகெங்கும் பல்கிப் பெருகியுள்ளன. அவற்றின் வரலாற்றைத் தொடர்ந்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். அந்நூல்களுள் நிலைபெற்ற சிலவற்றை ஆக்கியோர், தம் காலத்து அரசாலோ அறிவுலகத்தாலோ வெளியே நிறுத்தப்பட்டவர்கள். பெரியோர் அவையில் இடம்பெறாத அறிவு, குழந்தையின் கைக்கடங்கிய சிறுநூலில் புகலிடம் தேடிக்கொண்டது எனலாம். அவ்வரலாற்றைப் பெயர், கை, கண், காத்திருத்தல் என்னும் நான்கு நிலைகளாக வகுத்துக் காண்பது பொருந்தும்.

பெயர் கற்பித்த நூல்

1658ஆம் ஆண்டில் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் 'ஆர்பிஸ் சென்ஸுவாலியம் பிக்டஸ்' என்னும் நூல் வெளிவந்தது. 'புலன்களால் அறியும் உலகின் படம்' என அத்தலைப்பைத் தமிழில் கூறலாம். இலத்தீனும் ஜெர்மனும் அருகருகே அமைய, மரச்செதுக்குப் படங்களோடு 150 பாடங்களைக் கொண்டது அது. குழந்தைகளுக்கென்றே ஆக்கப்பெற்ற படநூல்களுள் முன்னோடி என அறிஞர் இதனைப் போற்றுவர். இதனை இயற்றியவர் மொராவியா நாட்டைச் சேர்ந்த கொமேனியஸ் (1592-1670).

இந்நூலின் அமைப்பு எளிமையானது. ஒவ்வொரு படத்திலும் உள்ள பொருள்களுக்கு எண்கள் இடப்பட்டிருக்கும். பக்கத்தில் உள்ள சொற்களுக்கும் அவ்வெண்களே இடப்பட்டிருக்கும். குழந்தை எண்ணைப் பற்றிக்கொண்டு பொருளிலிருந்து சொல்லுக்கும், சொல்லிலிருந்து பொருளுக்கும் சென்றுவரலாம். மரம், பழம், பூ, கீரை, தானியம், புதர் என நிலத்தில் விளைவனவற்றிற்குத் தனித்தனிப் பாடங்கள் உண்டு. மண்வெட்டி கொண்டு கொத்திப் பாத்தி கட்டும் தோட்டத் தொழிலுக்கும் ஒரு பாடம் உண்டு. பொருளைக் காட்டாமல் சொல்லை மட்டும் மனத்தில் திணிப்பது கல்வியாகாது என்பதே கொமேனியஸின் கொள்கை. 'ஒருவகைப் பூ' என்னும் உரைக்கு அவர் கண்ட மாற்று இது.

இம்மாற்றைக் கண்டவரின் வாழ்க்கை துயர் மிகுந்தது. 1620இல் நிகழ்ந்த வெண்மலைப் போருக்குப் பின், அவர் சார்ந்திருந்த சமயக் குழுவினர் தாய்நாட்டில் வாழ இயலாதவராயினர். 1628இல் கொமேனியஸ் போலந்து நாட்டின் லெஷ்னோ நகருக்குப் பெயர்ந்தார். இடையில் ஹங்கேரியில் ஆசிரியராக இருந்த ஆண்டுகளில் இப்படநூலை உருவாக்கினார். 1656இல் லெஷ்னோ தீக்கிரையானபோது அவருடைய வீடும் கையெழுத்துப் படிகளும் எரிந்தன. நாற்பதாண்டுக்கும் மேலாக அவர் தொகுத்துவந்த செக் மொழிச் சொற்களஞ்சியமும் அத்தீயில் அழிந்தது. ஒரு மொழியின் சொற்செல்வம் சாம்பலான இரண்டாண்டுகளில், சிறுவர்க்கான அவரது படநூல் நியூரம்பர்க் அச்சகத்திலிருந்து வெளிவந்தது. மறு ஆண்டே இலண்டனில் ஆங்கிலப் பதிப்பும் தோன்றியது. பேரறிஞர்க்கான களஞ்சியம் மறைந்தது. குழந்தைக்கான சிறுநூல் தப்பிப் பிழைத்தது.

எனினும் இந்நூலில் ஒரு குறை உண்டு. இதிலுள்ள குழந்தை பார்க்கிறது, பெயர் சொல்கிறது, தொடுவதில்லை. மண்வெட்டி பெரியவர் கையிலேயே இருக்கிறது.

கைக்கு இடந்தந்த பாடல்

மண்வெட்டியைக் குழந்தையின் கைக்கு மாற்றியவர் ஜெர்மானியக் கல்வியாளர் ஃப்ரோபெல் (1782-1852). இளமையில் வனக்காவலர் ஒருவரிடம் தொழில் பழகிய அவர், 1837இல் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் சிறுவர்க்கான நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1840இல் அதற்கு அவர் இட்ட பெயரே 'கிண்டர்கார்டன்'. 'குழந்தைகளின் தோட்டம்' என்பது அதன் பொருள். இன்று அச்சொல்லைக் கேட்போர் மழலையர் வகுப்பறையை எண்ணுகின்றனரேயன்றித் தோட்டத்தை எண்ணுவதில்லை. ஃப்ரோபெலின் திட்டத்திலோ தோட்டம் வெறும் உவமையாக நில்லாமல் மண்ணும் நீருமாகவே இருந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சிறு பாத்தி. அச்சிறு பாத்திகளைச் சூழ்ந்து எல்லாருக்கும் பொதுவான பாத்திகள். தன் பாத்தியில் குழந்தை எதை நடுவது என்பது அதன் விருப்பம்; பொதுப்பாத்தியைப் பேணுவது அனைவர் கடமை. தன்னுரிமையும் பொதுநலனும் ஒரே மண்ணில் கற்பிக்கப்பட்டன.

1844இல் ஃப்ரோபெல் தாய்மார்க்கென ஒரு நூலை வெளியிட்டார். குழந்தையை மடியில் வைத்துப் பாடுவதற்குரிய பாட்டு, அப்பாட்டோடு செய்யும் கைவிளையாட்டு, இவற்றை விளக்கும் உங்கர் என்னும் ஓவியரின் படங்கள், இசைக்குறிப்புகள் ஆகியன அதில் ஒருங்கே அமைந்தன. தோட்டத்து வாயிலைப் பற்றியும், பூச்செடிக்கு நீரூற்றும் சிறு தோட்டக்காரரைப் பற்றியும் அதில் பாடல்கள் உண்டு. விரல்கள் வாயிற்கதவாகும், மூடிய கை நீர்ச்சாடியாகும். படம் இங்கே பார்த்துவிட்டுப் புரட்டும் பக்கமாக இராமல், செய்துபார்க்கும் செயலாகிறது. நம் தாய்மார் 'சாய்ந்தாடம்மா' என்றும் 'கைவீசம்மா' என்றும் பாடி ஆடும் மரபோடு இதனை ஒப்பிட்டு நோக்கலாம்.

இத்தகைய எளிய முயற்சியையும் அரசு அஞ்சியது. 1851ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களைத் தடைசெய்தது. நாத்திகமும் சமவுடைமையும் பரப்புவதாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. ஃப்ரோபெலின் உறவினர் கார்ல் ஃப்ரோபெல் என்பாரின் கருத்துகளை இவருடையனவாகக் கொண்ட குழப்பமும் அதற்கு ஒரு காரணம். அடுத்த ஆண்டே ஃப்ரோபெல் மறைந்தார். 1860இல் தடை நீங்கியதை அவர் காணவில்லை. இதற்கிடையில் அவரிடம் பயின்ற பெண்கள் பிற நாடுகளுக்குச் சென்று கிண்டர்கார்டன்களை நிறுவினர். குழந்தையின் கையில் ஒரு பாத்தியைக் கொடுப்பது, ஓர் அரசு தடைசெய்யத்தக்க அளவு பெருஞ்செயல் என்பதற்கு இவ்வரலாறே சான்று.

கண்ணின் வாய்மை

தோட்டம் என்றதும் ஆங்கிலம் கற்ற குழந்தைகள் பலருக்கும் நினைவில் எழுவது, வேலியிடுக்கில் புகுந்து கீரையும் அவரையும் முள்ளங்கியும் தின்ற ஒரு முயலின் உருவம். 'பீட்டர் முயலின் கதை' என்னும் அந்நூலை எழுதி வரைந்தவர் பீட்ரிக்ஸ் பாட்டர் (1866-1943). முயலுக்குச் சட்டை மாட்டியவர் என்றே பலரும் அவரை அறிவர். அச்சட்டைக்கு அடியில் இருக்கும் முயல், உயிரியல் அறிந்த ஒருவரின் கண்ணால் வரையப்பட்டது என்பதைச் சிலரே அறிவர்.

பாட்டர் பள்ளி சென்றவரல்லர். இலண்டன் இல்லத்தில் வீட்டாசிரியைகளிடமே கல்வி பயின்றார். வீட்டில் வளர்த்த முயல்களையும் எலிகளையும் ஓயாது வரைந்தார். கோடையில் ஸ்காட்லாந்து சென்றபோது காளான்களின்பால் அவர் உள்ளம் ஈர்க்கப்பட்டது. பெர்த்ஷயர் பகுதியில் தபால்காரராகப் பணிபுரிந்து, தாமே முயன்று இயற்கை நூல் அறிஞரான சார்லஸ் மெக்கின்டாஷ் அவருக்கு வழிகாட்டியாக வாய்த்தார். காளானின் நுண்வித்துகள் முளைக்கும் முறையைப் பாட்டர் உருப்பெருக்கிவழி ஆராய்ந்து, ஒரு கட்டுரையும் எழுதினார். 1897ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அக்கட்டுரை இலண்டன் லின்னேயன் கழகத்தின் அவைக்கு வந்தது. எழுதியவர் அங்கு வர இயலவில்லை. அக்கழகக் கூட்டங்களில் அன்று பெண்களுக்கு இடமில்லை. கியூ தாவரத் தோட்டத்தைச் சேர்ந்த ஜார்ஜ் மாசி என்பவரே அவர் சார்பில் அதனை முன்வைத்தார். கட்டுரை அச்சேறவில்லை, பின்னர் அதன் படியும் கிடைக்காது போயிற்று. அக்கழகம் பெண்களை உறுப்பினராகத் தேர்ந்தது 1904இல்தான். கட்டுரை அவைக்கு வந்து நூறாண்டு நிறைந்த 1997இல், பாட்டர் முறையாக நடத்தப்படவில்லை என்பதைக் கழகம் ஒப்புக்கொண்டது.

அறிவியல் அவையில் ஏற்கப்படாத அக்கண் குழந்தை நூலுக்குத் திரும்பியது. அதற்கான வித்து முன்பே ஊன்றப்பட்டிருந்தது. 1893ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள், தம் முன்னாள் ஆசிரியையின் ஐந்து வயது மகன் நோயுற்றுக் கிடந்தபோது, அவனுக்குப் பாட்டர் எழுதிய படக்கடிதத்தில் நான்கு முயற்குட்டிகளின் கதை இருந்தது. பல பதிப்பாளர்கள் அதனை ஏற்க மறுக்கவே, 1901ஆம் ஆண்டு டிசம்பரில் தம் செலவிலேயே 250 படிகளை அச்சிட்டார். 1902 அக்டோபரில் வார்ன் பதிப்பகம் வண்ணப் படங்களோடு 8000 படிகளை வெளியிட்டது. அவை அனைத்தும் வெளியீட்டுக்கு முன்பே விலைபோயின. நூல் சிறிதாக இருக்கவேண்டும், விலை ஒரு ஷில்லிங்காக இருக்கவேண்டும் என்பதில் பாட்டர் உறுதியாக நின்றார். குழந்தையின் கைக்குள் அடங்குவதும், குழந்தையுடைய வீட்டின் வருவாய்க்குள் அடங்குவதும் அவருக்கு ஒருசேர முதன்மையாயின.

இந்நூலில் தோட்டம் இனிய சோலையாகத் தீட்டப்படவில்லை. உழைப்பவர் ஒருவரின் காய்கறித் தோட்டமாக அது இருக்கிறது. வெள்ளரி வளர்க்கும் சட்டகமும், பழப்புதரைப் பறவைகளிடமிருந்து காக்கும் வலையும், நீர்ச்சாடியும், கருவிக் கொட்டகையும் உள்ள உண்மையான தோட்டம் அது. அதில் நுழைந்த தந்தை முயல் தோட்டக்காரர் வீட்டு உணவாகிவிட்டது என்னும் செய்தி நூலின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. முயலுக்கு உணவாவது மனிதனுக்கு இழப்பு. மனிதனுக்கு உணவாவது முயலுக்குச் சாவு. இவ்வுண்மையைக் குழந்தையிடமிருந்து பாட்டர் மறைக்கவில்லை. படத்தில் முயலின் மூட்டும் காதும் மெய்யானவையாக இருப்பதற்கும், கதையில் சாவு மெய்யானதாக இருப்பதற்கும் மூலம் ஒன்றே. அது கண்டதைக் கண்டவாறு சொல்லும் நேர்மை.

1905இல் ஏரி மாவட்டத்தில் 'ஹில் டாப்' என்னும் பண்ணையைப் பாட்டர் விலைக்கு வாங்கினார். அதன் தோட்டம் 1907, 1908ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அவருடைய நூல்களில் இடம்பெற்றது. நூல்களின் வருவாயும் மரபுச் செல்வமும் கொண்டு மேலும் நிலங்களை வாங்கினார். 1943இல் அவர் மறைந்தபோது 4000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை நாட்டு அறக்கட்டளைக்கு விட்டுச்சென்றார். படநூலில் வரைந்த நிலப்பரப்பை அப்படநூலின் வருவாயும் துணைநின்று காத்தது என்பது இலக்கிய வரலாற்றில் அரிதான நிகழ்ச்சி. அவருடைய காளான் ஓவியங்கள் பலவும், 1967இல் வெளிவந்த காளான் அறிவியல் நூல் ஒன்றில் விளக்கப்படங்களாக இடம்பெற்றன. அவை மறுத்த அறிவை எழுபதாண்டுக்குப் பின் துறை தானே நாடிற்று.

காத்திருத்தல் என்னும் பாடம்

1945இல், உலகப்போர் முடிவுற்ற ஆண்டில், அமெரிக்காவில் 'கேரட் விதை' என்னும் சிறுநூல் வெளிவந்தது. சொற்கள் ரூத் க்ராஸ் எழுதியவை. படங்கள் அவர் கணவர் க்ராக்கெட் ஜான்சன் வரைந்தவை. முழு நூலின் சொற்களும் ஏறத்தாழ நூறுதான். ஒரு சிறுவன் விதை ஊன்றுகிறான். அது முளைக்காது என்று தாயும் தந்தையும் அண்ணனும் சொல்கின்றனர். அவன் களை பிடுங்குகிறான், நீர் ஊற்றுகிறான். பக்கங்கள் புரள்கின்றன, மண்ணில் ஒன்றும் தோன்றவில்லை. இறுதியில் விளைச்சல் வருகிறது.

இங்கே ஓவியர் செய்த துணிவு கருதத்தக்கது. பக்கம் பக்கமாக வெற்று மண்ணையே அவர் வரைந்தார். கேரட் விதை முளைக்க இரண்டு, மூன்று வாரங்கள்கூட ஆவதுண்டு என்பதைத் தோட்டம் போட்டோர் அறிவர். அக்காலத்தைச் சொல்லால் விளக்காமல், பக்கத்தைப் புரட்டும் செயலுக்குள் வைத்தார் அவர். குழந்தை தாளைப் புரட்டுகையில் நாட்களைக் கடக்கிறது. பெரியோரின் ஐயத்துக்குச் சிறுவன் சொல்லால் விடை தருவதில்லை. களை பிடுங்குவதே அவன் தரும் விடை. சொல்லாது விடுவதன் ஆற்றலை அறிந்த கவிஞர்க்கு இந்நூலின் நுட்பம் எளிதில் விளங்கும்.

எரிக் கார்ல் என்பாரின் 'பெரும்பசிக் கம்பளிப்புழு' (1969) வேறொரு சிக்கலை முன்வைத்தது. அமெரிக்காவில் பிறந்து, ஆறு வயதில் பெற்றோருடன் ஜெர்மனிக்குச் சென்றவர் கார்ல் (1929-2021). கல்லைப் புரட்டி அதனடியில் வாழும் சிற்றுயிர்களைக் காட்டியவர் அவருடைய தந்தை. நாஜி ஆட்சி விலக்கிவைத்த நவீன ஓவியங்களை மறைவாகக் காட்டியவர் அவருடைய ஓவிய ஆசிரியர். இவ்விருவரும் காட்டியவற்றின் விளைவே, துளையிட்ட தாள்களும் ஒளிரும் வண்ணங்களும் கொண்ட அந்நூல். அதில் வண்ணத்துப்பூச்சி பட்டுக்கூடு போன்ற கூட்டிலிருந்து வெளிவருகிறது. அந்துப்பூச்சிகளே பெரும்பாலும் அவ்வாறு இழைக்கூடு பின்னுவன. வண்ணத்துப்பூச்சி பொதுவாக இழைக்கூடற்ற கூட்டுப்புழு நிலையிலிருந்தே வெளிவரும். அறிவியலார் இப்பிழையைச் சுட்டினர். கார்ல் அதனைக் கற்பனையின் உரிமையாகக் கொண்டார்.

பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னத்தைப் பாடிய மரபுடையோர் இதனை முற்றிலும் மறுத்தல் இயலாது. ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. அன்னத்தைப் பாடிய புலவர் அது கவிமரபு என்பதை அறிந்தே பாடினர். கேட்டோரும் அறிந்தே கேட்டனர். உண்மையை அறிந்தபின் கற்பனை அழகாகிறது. உண்மையை இன்னும் அறியாத குழந்தைக்கு அக்கற்பனையே முதற்செய்தியாக அமைந்துவிடும். ஆதலின் முயலுக்குச் சட்டை மாட்டிய பாட்டர், முயலின் உடலை மாற்றவில்லை என்பதை மீண்டும் எண்ணிப் பார்த்தல் நன்று.

தமிழ்நிலத்தோடு ஒரு தொடர்பு

இவ்வரலாறு தமிழ்நிலத்தையும் தொட்டுச் சென்றுள்ளது. 1939இல் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று அடையாற்றுக்கு வந்தார். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும், அவரும் அவர் மகனும் பிரித்தானிய அரசின் பார்வையில் பகைநாட்டாராயினர். நாடு திரும்ப இயலாது போயிற்று. 1942 முதல் 1944 வரை அவர்கள் கொடைக்கானலில் தங்கினர். அம்மலையின் செடிகளுக்கும் சிற்றுயிர்களுக்கும் இடையே, பல வயதுக் குழந்தைகளை ஒருங்கே கற்பித்த பட்டறிவிலிருந்து, இயற்கையை முழுமையாக நோக்கும் அவரது கல்விமுறை வளர்ந்தது. தாவரங்கள் குறித்த கற்பித்தற் கருவிகளும் அங்கே உருப்பெற்றன. கொமேனியஸும் ஃப்ரோபெலும் பட்ட பாடு, குறிஞ்சி பூக்கும் மலையில் மற்றொருமுறை நிகழ்ந்தது எனலாம்.

2006இல் சென்னையின் தாரா பதிப்பகம், மரங்களின் இரவு வாழ்வைப் பற்றிய ஆங்கிலப் படநூல் ஒன்றை வெளியிட்டது. கைம்முறைத் தாளில் பட்டுத்திரை அச்சாகச் சென்னையிலேயே உருவான நூல் அது. பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி என்னும் மத்தியப் பிரதேசத்துக் கோண்டு ஓவியர் மூவர், தம் மக்கள் மரங்களைப் பற்றிச் சொல்லிவந்த கதைகளைக் கருந்தாளில் ஒளிரும் கோடுகளாக்கினர். 2008இல் இத்தாலியின் பொலோன்யா குழந்தை நூற்சந்தை அதற்குப் பரிசளித்தது. கல்விநிலையங்கள் நெடுங்காலம் அறிவென்று கருதாத காட்டு மக்களின் மர அறிவு, படநூலில்தான் உலகத்தார் முன் வந்து நின்றது. கொமேனியஸ் காலம்தொட்டு வரும் இழை இங்கும் அறுபடவில்லை.

நிறைவாக

தமிழுக்குப் பெயர்ப்பஞ்சம் இல்லை. தொல்காப்பிய மரபியல் புறத்தே வயிரமுடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரமுடையவற்றை மரம் என்றும் வகுத்து, அவற்றின் உறுப்புகளுக்கும் வேறுவேறு பெயர் கூறுகிறது. நெல்லுக்குத் தாள், கரும்புக்குத் தோகை, பனைக்கு ஓலை, மாவுக்கு இலை எனப் பிரித்து வழங்கும் மொழி இது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்கள், பார்த்தவர் பார்த்தவர்க்குச் சொன்ன பெயர்கள். இன்றைய குழந்தையோ அரிச்சுவடியில் 'இலை' என்று படிக்கிறது. அது எந்தச் செடியின் இலை என்று பல சுவடிகளில் படம் சொல்வதில்லை. எல்லா இலையும் ஒரே பச்சை, ஒரே வடிவம். 'ஒருவகைப் பூ' என்னும் உரையின் தொடக்கம் அங்கேதான் இருக்கிறது.

ஆகவே இது குழந்தை எழுத்தாளர்க்கு மட்டும் உரிய கவலையன்று. இன்று கவிதை எழுதுவோர் நாளைய வாசகரை எண்ணுவராயின், அவ்வாசகர்க்கு இன்று வயது ஐந்து என்பதை நினைத்தல் வேண்டும். அவர்க்குச் செவ்வந்தியும் ஆவிரையும் அடிக்குறிப்பின்றி விளங்கவேண்டுமானால், அவற்றை உள்ளவாறு வரையும் ஓவியரோடு கவிஞரும் அமர்ந்து பணிசெய்தல் வேண்டும். அதற்கு நூறு சொற்கள் போதும் என்பதைக் 'கேரட் விதை' காட்டியிருக்கிறது. பொருளும் வீட்டுப் புறத்திலேயே இருக்கிறது. பூசணியின் பூ விடியலில் மலர்ந்து வெயில் ஏறுகையில் சுருங்கும். பீர்க்கின் பூவோ பொழுது சாயும்போது மலரும். ஒரே பந்தலில் ஏறும் இரு கொடிகளுக்கு இருவேறு பொழுதுகள். இதனை ஒருநாள் காலையும் மாலையும் நின்று பார்த்த குழந்தைக்கு, முதல், கரு, உரி என்னும் பாகுபாட்டை யாரும் பின்னர் வலிந்து கற்பிக்க வேண்டியதில்லை. பத்தாண்டு நிறைவு காணும் வட்டத்தார், பதினோராம் ஆண்டின் பணிகளுள் அத்தகைய சிறுநூல் ஒன்றையும் சேர்த்துக்கொள்வாராக.